இரண்டு 4,318

மருமகனின் நோட்டில் 4,318 என்ற எண் இரண்டு பக்கங்களில் வருகிறது. முதலாவது சித்திரையில் எழுதியது. சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறான். இரண்டாவது ஆனிக் கடைசியில் எழுதியது. வட்டமும் கிடையாது, கேள்வியும் கிடையாது. அதே கிராஃபிக்ஸ் கார்டு, அதே கணினி, அதே சோதனை. முதல் எண்ணைப் பார்த்த இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவதை எழுதிவிட்டு விளக்கை அணைத்துத் தூங்கப் போனான். ஒரே எண் ஒரு நாள் இழப்பாகவும் இன்னொரு நாள் நிறைவாகவும் எப்படி ஆனது என்ற யோசனை எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கை மகன் அவன். மதுரையில் எங்கள் வீட்டு மாடியறையில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். பகலில் அந்தக் கணினி எனக்கு, இரவில் அவனுக்கு. சேர்த்துவைத்த பணத்தில் பழைய கார்டு ஒன்றை வாங்கிவந்தான்: ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016 ஜூலையில் வெளிவந்த வகை. அதன் வலுவை அளக்க அவன் தேர்ந்துகொண்ட த்ரீடிமார்க் டைம் ஸ்பை என்ற சோதனையும் அதே மாதம் வெளிவந்ததுதான். கார்டுக்குள் இருக்கும் சில்லின் பரப்பு 200 சதுர மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் நகம். அதற்குள் 440 கோடி டிரான்சிஸ்டர்கள். தயாரிப்பாளர் குறித்த அடிப்படை வேகம் 1,506 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் வேகம் 1,708. தை மாதக் காலை ஒன்றில் மருமகன் அதை 2,063க்கு ஏற்றினான்.

"மாமா, வாங்கிட்டு வந்தன்னிக்கு 4,200தான் வந்துச்சு. இப்பப் பாருங்க."

திரையில் சோதனையின் மதிப்பெண் 4,612 என்றிருந்தது.

இப்படிக் குறித்த வேகத்துக்கு மேல் ஏற்றி ஓவர்கிளாக் செய்வதை வீண்வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளின் எல்லை எங்கே இருக்கிறது என்று அதை உண்டாக்கியவர் சொல்வதோடு நிற்காமல் தானே கைவைத்துப் பார்க்கும் ஆசை அது. 1998ல் இன்டெல்லின் செலரான் 300ஏ என்ற மலிவான சில்லை வாங்கியவர்கள், 66 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய அதன் பஸ் வேகத்தை 100 ஆக்கினார்கள். சில்லின் பெருக்கல் எண் நாலரை. ஆகவே 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆயிற்று. சிலர் அதற்காகச் சில்லைத் தாங்கிய அட்டையின் விளிம்பில் இருந்த ஒரேயொரு தொடுமுனையின் மேல் துளி டேப்பை ஒட்டினார்கள். அந்தக் காலத்தில் வைத்த வேகம் வைத்தபடி நிற்கும், இல்லையென்றால் கணினி உறைந்துபோகும். இரண்டில் ஒன்று. பதில் தெளிவாக வந்தது.

2012ல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு என்விடியா கொண்டுவந்த ஜிபியு பூஸ்ட் அந்தத் தெளிவை எடுத்துவிட்டது. இப்போது நாம் வேகத்தை வைப்பதில்லை, கேட்கிறோம். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோட்டை நகர்த்தி "இன்னும் 150 கொடு" என்று கேட்டால், கார்டு தன் சூட்டையும் இழுக்கும் மின்சாரத்தையும் வோல்டேஜையும் நொடிக்குப் பலமுறை பார்த்துத் தன்னால் முடிந்ததைக் கொடுக்கிறது. சூடு ஏற ஏற, சுமார் 13 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள படிகளில் சத்தமில்லாமல் இறங்கிக்கொள்ளும். 2,063, 2,050, 2,038, 2,025 என்று ஒவ்வொரு படியாக. சூடு 83 டிகிரியைத் தொட்டால் இறக்கம் வேகமாகும். இதில் கோளாறு எதுவும் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பொருள் அது. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருளை அளப்பது, சும்மா கிடக்கும் பொருளை அளப்பது போன்றதில்லை.

சித்திரை பிறந்ததும் மதிப்பெண் ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் 4,540, மறுநாள் 4,390, அன்றிரவே 4,460. ஒரு சாயங்காலம் 4,318. பழைய கார்டு, முன்பு எவரிடம் என்ன பாடுபட்டதோ, சாகப்போகிறது என்று அவனுக்குப் பட்டுவிட்டது. "இப்பவே வித்துரலாமா மாமா?" என்றான். "மாப்ள, என்னன்னு பாக்காம விக்கிறது தப்பு. வாங்குறவன் நம்மள மாதிரி ஒருத்தன்தான்" என்றேன். அன்றுதான் நோட்டுப் போட்டோம்.

முதல் ஒரு வாரம் மென்பொருளின் பக்கம் தேடினோம். டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றினோம், பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தினோம், மின்சிக்கன அமைப்பை மாற்றினோம். பலன் ஒன்றும் பெரிதாக இல்லை. பிறகு கார்டைக் கழற்றினோம். விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித்துண்டு போல் தூசி படிந்திருந்தது. சில்லின் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சுரண்டினால் சுண்ணாம்புப் பொருக்காக உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகப் பூசி மூடினோம். சூடு 84லிருந்து 78க்கு வந்தது. இனி சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். 4,352 வந்தது.

இங்கேதான் கணக்குப் போட உட்கார்ந்தோம். ஒரு கோளாறைத் தேடும்போது மனம் முதல் காரணத்தைக் கண்டதும் உட்கார்ந்துவிடப் பார்க்கும். தூசி இருந்தது, துடைத்தோம், ஆகவே தூசிதான் காரணம் என்று. எண்களை எதிரெதிரே வைத்தால்தான் அது எழுந்து நிற்கிறது. தை மாதத்தில் 2,063 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லு இப்போது 2,025ல் ஓடுகிறது. வேகம் இழந்தது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மதிப்பெண் இழந்ததோ 260, அதாவது நூற்றுக்கு ஐந்தரைக்கு மேல். இறங்கிய படிகள் இறங்கிய மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. மீதி மூன்றரைக்கும் மேல் எங்கே போனது? வேகம் காட்டும் கோடு ஏறக்குறைய நேராக இருந்தது. திரையில் புள்ளி தெறிக்கவில்லை, படம் கிழியவில்லை, கணினி உறையவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது, எண் மட்டும் குறைவாக இருந்தது.

என் தாத்தா வாடிப்பட்டிப் பக்கம் களத்தில் நெல் அளந்தவர். மரக்காலை நெல்லில் அழுத்திக் கோருவது ஒரு அளவு, மேலிருந்து ஒழுகவிட்டு நிரப்புவது இன்னொரு அளவு. உயரத்திலிருந்து விழும் நெல் இறுகி உட்காரும். மெல்லச் சரித்தால் இடைவெளி விட்டுத் தளர்வாக நிற்கும். தலைதட்டி அளந்தாலும் அந்த வித்தியாசம் உள்ளே இருக்கும். மரக்கால் ஒன்றுதான், நெல்லும் ஒன்றுதான், கை வேறு. விற்கிறவரும் வாங்குகிறவரும் அளப்பவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அளக்கும்போது தாத்தா முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார், அப்புறம் ரெண்டு, மூணு என்று போகும். மருமகனின் சோதனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த லாபம் எனக்கு ஞாபகம் வந்தது. கணினியைப் போட்டதும் ஓட்டும் முதல் ஓட்டத்தில் கார்டு குளிர்ந்திருக்கிறது. எண் எப்போதும் கூடுதலாக வருகிறது. தையில் அவன் படம் பிடித்துவைத்த 4,612ம் அப்படி வந்ததுதான். பனி விழுந்த காலை, ஜன்னல் திறந்த அறை, முதல் ஓட்டம். அது உண்மையான எண். ஆனால் அந்த அறைக்கும் அந்தக் காலைக்கும் சேர்த்து வந்த எண். அதை அவன் கார்டின் பேரில் மட்டும் எழுதிக்கொண்டான்.

அன்றுமுதல் முதல் ஓட்டத்தை லாபக் கணக்கில் வைத்தோம். அதை எழுதுவோம், கூட்டமாட்டோம். கால் மணி நேரம் கார்டைச் சூடாக்கி, அது ஒரு நிலைக்கு வந்தபிறகு வருவதைத்தான் எண்ணுவோம். எண்ணுக்குப் பக்கத்தில் அறையின் வெப்பம் என்று ஒரு பத்தியும் போட்டோம். அந்தப் பத்தி ஒன்றைக் காட்டியது. மோசமான எண்கள் உச்சி வெயிலில் வரவில்லை. சாயங்காலம் ஏழிலிருந்து பத்துக்குள் வந்தன. மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை அது. பகலெல்லாம் காங்கிரீட் குடித்த வெயில் இருட்டியபிறகுதான் கீழே இறங்குகிறது. மதுரையில் கடற்காற்றும் கிடையாது. வெளியே காற்றாடும் நேரத்தில் அறை 37 டிகிரியில் வெந்துகொண்டிருந்தது.

சூடுதான் காரணம் என்பது உறுதியாயிற்று. ஆனால் சூடு எதைக் கெடுத்தது என்பது இன்னும் தெரியவில்லை. அந்த மீதி மூன்றரை.

அது மெமரியில் இருந்தது. இந்தக் கார்டில் இருப்பது ஜிடிடிஆர்5 வகை நினைவகம். 2008ல் ரேடியான் எச்டி 4870 கார்டில் முதன்முதலாக வந்தது. அதன் வேகத்தை ஆஃப்டர்பர்னர் 4,004 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். மருமகன் அதில் 650 கூட்டியிருந்தான். தையில் தாங்கியது. நினைவகத்துக்கும் சில்லுக்கும் நடுவே பாயும் தரவு வழியில் சிதையக்கூடும் என்பதால், ஜிடிடிஆர்5 ஒவ்வொரு கட்டுத் தரவோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்புகிறது. வந்த தரவும் அந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. திரையில் ஒரு குறையும் தெரியாது. பிழை நடந்தது, திருத்தப்பட்டது, அவ்வளவுதான். அதற்குச் செலவானது நேரம். சூட்டில் சமிக்ஞைகளுக்கு இருக்கும் அவகாசம் சுருங்கச் சுருங்க, சொன்னதையே திரும்பச் சொல்லும் வேலை கூடிக்கொண்டே போயிருக்கிறது. கடிகாரம் 4,654 என்று காட்டிக்கொண்டிருந்தது. பாதை நெரிசலாகிக்கொண்டிருந்தது.

650ஐ 450 ஆகக் குறைக்கச் சொன்னேன். வேகத்தைக் குறைத்தால் எண் எப்படி ஏறும் என்று அவனுக்குத் தயக்கம். குறைத்தான். அதே சாயங்காலம், அதே 37 டிகிரியில், 4,496 வந்தது.

இதைப்போல் என்னை அசைத்த ஒன்று சமீபத்தில் இல்லை. நின்றுபோகும் பொருளின் நோயை யாரும் பார்க்கலாம். தன் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு, வெளியே ஒன்றும் காட்டாமல், உழைப்பு முழுவதையும் திருத்தத்திலேயே கரைத்துக்கொண்டிருக்கும் பொருளின் நோய் எளிதில் தெரிவதில்லை. அதன் ஒரே அடையாளம் கொஞ்சம் குறைந்த எண். அந்த எண்ணையும் ஒருமுறை மட்டும் பார்த்தவனுக்கு அது தெரியாது. பலமுறை பார்த்து, வரிசையாக எழுதி, பக்கத்தில் இன்னொன்றை எழுதிவைத்தவனுக்குத்தான் தெரியும்.

மதிப்பெண் ஏறியபிறகும் மருமகன் ஒரு குறை சொன்னான். விளையாட்டில் அவ்வப்போது படம் திக்குகிறது. சராசரி நொடிக்கு 60 ஃப்ரேம்தான், ஆனாலும் திக்குகிறது. இதை முதலில் கூர்ந்து பார்த்து எழுதியவர்களில் ஒருவர் ஸ்காட் வாசன். 2011ல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தில், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கச் சொன்னார். ஒரு நொடியில் 59 ஃப்ரேம்கள் தலைக்கு 15 மில்லிநொடியில் வந்து, ஒன்று மட்டும் 115 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் அந்த நொடியின் கணக்கு 60 ஃப்ரேம்தான். கண் அந்த 60ஐப் பார்ப்பதில்லை. அந்த ஒன்றைத்தான் பார்க்கிறது. கார்டு மின்சார வரம்பை இடித்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது எங்களுக்குக் கோட்டுப்படத்தில் தெரிந்தது. உச்சத்தில் ஓடும் பொருளுக்கு நிலை கிடையாது.

எண்ணுக்காக மட்டும் ஓடினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2003ல் நடந்ததைச் சொல்லலாம். த்ரீடிமார்க் 03 சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். அந்தப் பாதையிலிருந்து கண்ணுக்குப் படாத பகுதிகளை வரையாமல் விட்டுவிடும் ஏற்பாடு என்விடியாவின் டிரைவரில் இருந்ததாக, சோதனையைத் தயாரித்த பின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தது. அந்த வழியை அடைத்து மறுபடி ஓட்டியபோது ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1 சதவீதம் இறங்கியது. சில நாட்களில் இரு நிறுவனங்களும் சேர்ந்து, இதை மோசடி என்று சொல்ல முடியாது, குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்கான மேம்படுத்தல் என்று அறிக்கை விட்டன. பெயர் எதுவானாலும், அந்த எண் அந்தப் பாதையைத் தவிர வேறு எந்தப் பாதைக்கும் பொருந்தாத எண்.

பின்னாளில் ஃபியூச்சர்மார்க் நிறுவனத்தார் த்ரீடிமார்க்கில் சேர்த்த தாங்குதிறன் சோதனைதான் எனக்குப் பிடித்தது. காட்சி இருபது முறை திரும்பத் திரும்ப ஓடும். மிகச் சிறந்த சுற்றோடு ஒப்பிட்டால் மிக மோசமான சுற்று நூற்றுக்கு 97ஆவது இருக்க வேண்டும். எவ்வளவு உயரம் என்ற கேள்வி அதில் கிடையாது. எங்கள் கார்டு அதில் இரண்டு முறை தோற்றது.

வைகாசியில்தான் வோல்டேஜைக் குறைப்பது என்று முடிவு செய்தோம். மருமகனே முன்வந்து சொன்னான். டிரான்சிஸ்டர் நிலை மாறும்போது செலவாகும் மின்திறன் வேகத்துக்கு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேராகவும் கூடும். வேகத்தை நூற்றுக்குப் பத்து கூட்டினால் பத்து கூடும், வோல்டேஜைப் பத்து கூட்டினால் இருபத்தொன்று கூடும். உச்சத்தில் கடைசிச் சில படிகள் ஏற நாம் கொடுக்கும் விலை அதுதான். கார்டு 1.062 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வோல்டேஜுக்கும் வேகத்துக்குமான வளைகோட்டைப் பிடித்து இழுத்து, 0.925 வோல்ட்டில் 1,911 மெகாஹெர்ட்ஸ் என்ற புள்ளியில் நிறுத்தினோம். கணக்குப்படி அந்த வகைச் செலவு நூற்றுக்கு 28 குறைய வேண்டும். விசிறியின் இரைச்சல் அடங்கியபோது அந்தக் கணக்கு காதில் கேட்டது. சூடு 66 டிகிரியைத் தாண்டவில்லை. தாங்குதிறன் சோதனையில் தேறியது. எல்லாச் சில்லுக்கும் இந்தப் புள்ளி அமையாது. ஒரே சிலிக்கான் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் விளைந்த இரண்டு சில்லுகளுக்கே வெவ்வேறாக இருக்கும். எங்கள் சில்லின் புள்ளியை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கி, தடுமாறும்வரை போய், இரண்டு படி மேலே வந்து கண்டோம்.

இனி எத்தனை முறை ஓட்டினால் ஓர் எண்ணை நம்பலாம் என்ற கேள்வி வந்தது. நூறு முறை ஓட்ட நேரமில்லை. இது பழைய கேள்வி. டப்ளின் நகரத்தில் கின்னஸ் மதுவாலையில் வேலைபார்த்த வில்லியம் காசெட்டுக்கும் இதுதான் பிரச்சினை. பார்லிப் பயிர்ச்சோதனைகள் அவர் கைக்குச் சிலவே கிடைத்தன. அந்தச் சிலவற்றை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று யோசித்து 1908ல் கட்டுரை எழுதினார். நிறுவன விதியால் சொந்தப் பெயர் போட முடியாமல் "மாணவர்" என்ற பெயரில் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்த டி சோதனை மருமகனின் புள்ளியியல் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தான். தன் நோட்டின் எண்களை அதில் போட்டுப் பார்த்த இரவுதான், எண்களின் சராசரியைப் போலவே அவை சிதறிக் கிடக்கும் அகலமும் ஒரு விடை என்று அவனுக்குப் புரிந்தது. நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சித்திரைப் பக்கத்தைத் திருப்பி, ஒரே வாரத்தில் 200க்கு மேல் சிதறிக் கிடந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை இரவு. அறையில் 35 டிகிரி. லாபம் 4,339. அதைத் தனியே எழுதினான். பிறகு 4,321. பிறகு 4,316. மூன்றாவது ஓட்டத்தில் 4,271 வந்தது.

இருவரும் தேடினோம். பின்னணியில் எதுவும் ஓடவில்லை. வேகம் 1,911லேயே நின்றிருந்தது. சூடு 65. மின்சாரம் இழுத்த கோட்டிலும் பள்ளம் இல்லை. மெமரியில் கூட்டியிருந்ததை ஏற்கெனவே இன்னும் இறக்கியிருந்தோம். அரைமணி நேரம் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை.

"இத அடிச்சிரவா மாமா?"

"நீ சொல்லு மாப்ள."

பேனாவை எண்ணின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு பக்கத்தில் "தெரியவில்லை" என்று எழுதினான். நாலாவது 4,320. பக்கத்து வீட்டார் சாயங்காலம் தங்கள் மொட்டைமாடியில் ஊற்றிய தண்ணீரின் வாசனை இன்னும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது ஓட்டம் முடிந்ததும் அறையின் வெப்பத்தை முதலில் எழுதினான், அதன் பிறகு எண்ணை: 4,318.